நாவலில் இல்லாத முதல் அத்தியாயம்

நாவலொன்று மாங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதையாக மாறும்போது, மூலத்தில் எது விடுபட்டது, எது எஞ்சியது என்று கணக்குப் பார்ப்பதே வாசகர் வழக்கமாக இருக்கிறது. இந்த அளவுகோல் போதாது என்பதற்கு, இளையோர் விரும்பிப் படித்த யோஷிகி தனகாவின் ‘அர்ஸ்லான் வீரகாதை’ என்னும் மிகுபுனைவுத் தொடர் தக்க சான்றாகும்.

பண்டைய பாரசீகத்தை நினைவூட்டும் பார்ஸ் என்ற கற்பனை நாட்டின் இளவரசனைப் பற்றிய இத்தொடர் 1986இல் தொடங்கி, 2017இல் 16ஆம் தொகுதியுடன் நிறைவுற்றது. சிசாத்தோ நகமுரா 1991இல் தொடங்கிய மாங்கா வடிவம் ஒன்று இருக்க, 2013இல் ஹிரோமு அரகாவா நாவலைப் புதிதாக மாங்காவாக்கத் தொடங்கினார்.

தனகாவின் முதல் நூல், 14 வயது அர்ஸ்லான் தன் முதல் போரைக் காணும் அத்ரோபதேனே சமவெளியின் மூடுபனியில் நேரடியாகத் தொடங்குகிறது. நாட்டின் செழிப்பு அடிமைகளின் உழைப்பின்மீது நிற்பதைக் கதைசொல்லியே விளக்குகிறார். எழுத்தில் உறுத்தாத அந்த விளக்கம் மாங்காவில் கட்டந்தோறும் பெட்டிச் செய்தியாக நுழைந்தால், ஓவியம் வெறும் பின்திரையாகிவிடும்.

அரகாவாவோ, போருக்கு மூன்று ஆண்டுகள் முந்தைய நிகழ்ச்சி ஒன்றைத் தாமே புனைந்து முதலில் வைத்தார். சிறைப்பட்ட லுசித்தானிய வீரச் சிறுவன் இளவரசனைப் பிணையாகப் பிடித்து, தலைநகர் எக்பதானாவின் தெருக்கள் வழியே இழுத்துக்கொண்டு ஓடுகிறான். அந்தத் துரத்தலின் வேகத்திலேயே நகரமும் மதிலும் அடிமைகளும் வாசகர் கண்ணில் பட்டுவிடுகின்றன. தன் கடவுளின்முன் மனிதர் யாவரும் சமம் என்று முழங்கும் அச்சிறுவனின் சமத்துவத்தில் வேற்று மதத்தாருக்கு இடமில்லை என்பது, எந்தக் குறிப்புரையும் இன்றி, அவன் வாயாலேயே வெளிப்படுகிறது. பிற்பாடு பார்ஸ் மீது படையெடுக்கப்போகும் லுசித்தானிய நாட்டின் மனப்போக்கை இதைவிடச் சிக்கனமாக அறிமுகப்படுத்துவது கடினம்.

இறுதி ஓவியத்துக்குமுன் கட்டப் பிரிப்பையும் உரையாடலையும் தோராயக் கோடுகளில் வகுக்கும் முன்வரைவை ஜப்பானியர் ‘நேமு’ என்பர்; தழுவலின் தலையெழுத்து பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. கதைசொல்லி பேசும் பத்திகளுக்கு ஈடான செயலை அந்த நிலையிலேயே கண்டுபிடிக்காத ஓவியர், பின்னர் எவ்வளவு நேர்த்தியாக வரைந்தாலும் படம் போட்ட நாவலைத்தான் தருவார்.

அரகாவாவின் இந்தத் தழுவலில் இழப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மன்னர்களின் மடமையை வரலாற்றாசிரியரின் நிதானத்தோடு எள்ளிச் செல்லும் தனகாவின் குரல் அரகாவாவின் பக்கங்களில் பெரிதும் மங்கிவிடுகிறது. அந்த எள்ளலை விரும்பும் வாசகர் நாவலைத்தான் நாட வேண்டும்.