உட்கார ஓர் இருக்கை



நம் சரீரம் பரிசுத்த ஆவியானவர் தங்கும் ஆலயம் என்று 1 கொரிந்தியர் 6:19 போதிக்கிறது. இந்த வசனத்தைக் கொண்டு மதுவையும் புகையிலையையும் கண்டித்துப் பிரசங்கிக்கிறோம். அது நல்லதே. ஆனால், காலை முதல் இரவு வரை துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை செய்யும் சகோதரியின் கால்களும் அந்த ஆலயத்தைச் சேர்ந்தவை அல்லவா? அவற்றைக் குறித்து நாம் ஏன் மௌனமாயிருக்கிறோம்?

நாள் முழுவதும் நிற்பவர்களுக்குக் கால் நரம்புகள் புடைத்துச் சுருண்டுகொள்கின்றன. இடுப்பும் முழங்காலும் ஓயாமல் வலிக்கின்றன. கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்க வேண்டுமே என்று தயங்கித் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் பெண்கள் சிறுநீர்த் தொற்றுக்கு எளிதில் ஆளாகின்றனர். இதனால்தான் 2018இல் கேரளமும், 2021இல் தமிழ்நாடும் தத்தம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தின. பணிநேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் உட்காரும்படி இருக்கை வசதி செய்ய வேண்டும் என்று அச்சட்டங்கள் கூறுகின்றன.

அரசின் சட்டம் அண்மையில் வந்தது; தேவனுடைய கட்டளையோ மோசேயின் நாளிலேயே வந்துவிட்டது. உபாகமம் 5:14, 15 வசனங்களை நிதானமாய் வாசித்துப் பாருங்கள். ஓய்வுநாள் எஜமானுக்கு மட்டும் உரியதன்று. அவனைப் போலவே வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும். மாடும் கழுதையும்கூட அதில் சேர்க்கப்பட்டுள்ளன. எகிப்தில் தாங்கள் அடிமைகளாயிருந்ததை இஸ்ரவேலர் நினைவுகூர வேண்டும் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். ஆகவே, வேலையாளுக்கு ஓய்வு தருவது முதலாளியின் தயவன்று. அவர்மேல் சுமத்தப்பட்ட கடமை.

எலியா சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்தபோது, தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டான் (1 இராஜாக்கள் 19:5-8). ஓரேப் வரையிலான நாற்பது நாள் பயணம் அதற்குப் பின்புதான் தொடங்கியது. தம் ஊழியக்காரனிடம் தேவன் நடந்துகொண்ட முறை இதுவானால், நம்மிடம் வேலை செய்கிறவர்களிடம் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவ முகாம் நடத்துவது நல்லது. ஆனால், ஒரு முக்காலியும், நிம்மதியாய்ச் சாப்பிட அரைமணி நேரமும், சுத்தமான கழிப்பறையும் தராத இடத்தில் அந்த முகாம் வெறும் விளம்பரமே. சபையாராகிய நாமும் நம்மைச் சோதித்துப் பார்ப்போம். நம் ஆலய வாசலில் இரவுக் காவல் காக்கிறவருக்கு நாற்காலி உண்டா? நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவுக்கு வார விடுமுறை உண்டா?

வேறு சிலருக்கோ பாடு நிற்பதில் இல்லை, உட்கார்ந்தே இருப்பதில் உள்ளது. கணினிக்கு முன்பாக நாளைக் கழிக்கும் பிள்ளைகளே, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்புத் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம் விரைவாக நடந்தால் போதும். மின்தூக்கியை விட்டுப் படியேறுங்கள். ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்து செல்லுங்கள். மணிக்கொருமுறை எழுந்து நில்லுங்கள். சரீர முயற்சி அற்பப் பயனுடையது என்று பவுல் எழுதியதைச் (1 தீமோத்தேயு 4:8) சோம்பலுக்குச் சாக்காக்க வேண்டாம். தேவபக்தியோடு ஒப்பிட்டே அதை அற்பம் என்றார். வீண் என்று அவர் சொல்லவில்லை.

இவ்வாரம் ஒன்று செய்யுங்கள். உங்களிடம் ஒருவராவது வேலை செய்தால், அவர் எங்கே உட்காருகிறார், எப்பொழுது சாப்பிடுகிறார் என்று கவனியுங்கள். குறை இருந்தால், அடுத்த ஓய்வுநாளுக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

ஜெபம்: வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களுக்கு இளைப்பாறுதல் தரும் ஆண்டவரே, எங்கள் கீழ் உழைப்பவர்களின் களைப்பைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.