கார் மாதிரி இருக்கிற கார்

ஸ்லொட் கார் ரேஸ் வீடியோக்களை யூரியூப்பில் தேடினால் இரண்டு விதமான சாமான் வந்து விழும். ஒண்டில் போர்ஷே 917, ஃபெராரி 512 எல்லாம் உள்ளங்கை அளவில், இலக்கம் ஒட்டி, உள்ளே ஒரு குட்டி டிரைவரோட ஓடும். மற்றதில் மிதிபட்டுச் சப்பையான பிளாஸ்டிக் போத்தல் மாதிரி ஏதோ ஒண்டு கண்ணில் பிடிபடாமல் பறக்கும். அதுக்குப் பெயர் விங் கார். அமெரிக்காவில் 155 அடி நீளமான 'கிங்' தடத்தை அது இரண்டு செக்கனுக்குள் சுத்தி முடிக்கும். கணக்குப் பார்த்தால் மணிக்கு 85 கிலோமீற்றருக்கு மேலே!

என்ர ஓட்டு முதலாவதுக்குத்தான். இந்த வித்தியாசத்தில் மோட்டருக்குப் பெரிய பங்கு இருக்கு, உண்மை. ஆனால் ஒரு கழகம் எந்தப் பக்கம் போகப் போகுது எண்டதைத் தீர்மானிக்கிறது மேல்கூடு. அதை எந்தப் பொருளில் செய்ய விடுகிறார்கள் எண்டது.

1957இல் இங்கிலாந்தில் ஃபிரெட் ஃபிரான்சிஸ் ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கைக் கொண்டுவந்தபோது கார்களின் கூடு தகரம். 1960இல் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வந்தது. கரையில் நடந்த இன்னொரு மாற்றம்தான் பெரியது: சூடாக்கி மெதுவாக்கின மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒரு அச்சுக்கு மேல் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துப் படிய வைக்கிற முறை. பிறகு அந்தத் தாள் பொலிகார்பனேட் ஆனது. ரேஸ்காரர் அதை லெக்ஸான் எண்டுதான் சொல்லுவினம்.

லெக்ஸானைக் குறை சொல்ல முதல் அதின்ர கெட்டித்தனத்தைச் சொல்ல வேணும். 0.25 மில்லிமீற்றர் தடிப்புத் தாள் எண்டாலே இவர்களுக்குப் பாரம், 0.18, 0.13 எண்டு மெலிஞ்சுகொண்டே போகும். சுவரில் அடிபட்டால் நெளியும், நெளிஞ்சு திரும்பி வரும். வெடிச்ச இடத்துக்கு உள்பக்கமாக ரப்பர் போல காயிற பசையைப் பூசினால் அடுத்த ரேஸுக்கு ரெடி. பெயின்ற் அடிக்கிறதும் உள்பக்கத்தில்தான், அதனால் வெளியில் எவ்வளவு உரசினாலும் நிறம் போகாது. ஆனால் வேலை தலைகீழ். கண்ணாடி வாற இடங்களை முதலே மறைக்க வேணும். வெளியில் மேலாகத் தெரியவேண்டிய கோட்டை முதலில் அடிச்சு, அடி நிறத்தைக் கடைசியில் அடிக்க வேணும். சாதாரண ஸ்ப்ரேயை எடுத்து அடிச்சவர்களுக்குத் தெரியும், ஒரு தரம் நெளிஞ்ச உடனே செதிள் செதிளாகக் கழண்டு வரும். அதுக்கெண்டு விக்கிற பெயின்ற்தான் ஒட்டும். அசற்றோன் பட்டால் கூடே நாசம்.

சிக்கல் வடிவத்தில். அச்சில் படிஞ்சு வாற தாளுக்குக் கூர்மை இருக்காது. கதவின் கோடு, ஹெட்லைற், முன்வலை எல்லாம் மழுங்கிப்போன நினைவு மாதிரித் தெரியும். அதோட, கூடு இவ்வளவு லேசாகவும் வளையக்கூடியதாகவும் இருந்தால் 'இன்னும் கொஞ்சம் பதிச்சால் என்ன, பக்கத்தில் ஒரு தடுப்பு வைச்சால் என்ன' எண்ட ஆசையை நிறுத்த ஏலாது. விங் கார் அப்பிடி வந்ததுதான். காற்று காரைத் தடத்தோட அமத்திப் பிடிக்க வேணும் எண்ட ஒரே நோக்கத்துக்காகக் காரின் முகத்தையே விட்டுக்கொடுத்தார்கள்.

வார்த்த கடின பிளாஸ்டிக் கூடு (கூடுதலாக ஏபிஎஸ் அல்லது பொலிஸ்ரைரீன்) இதுக்கு எதிர். 1/32 அளவில் ஒண்டு 20 கிராம் சுற்றுவட்டத்தில் வரும். காந்தம் பூட்டின காரில் அந்தப் பாரம் தெரியாது, காந்தம் எப்பிடியும் இழுத்துப் பிடிக்கும். காந்தத்தைக் கழட்டிப்போட்டு ஓடிப் பாருங்கள். கூரைப் பக்கம் இருக்கிற மூன்று கிராம் கூட வளைவில் காரைப் பிரட்டும். அதனால்தான் கெட்டிக்காரர் உள்ளே இருக்கிற டிரைவர் தட்டை மட்டும் லெக்ஸானில் மாத்துவினம். கூட்டின் ஆணியை அரைச் சுற்றுத் தளர்த்தி, அடிச்சட்டத்துக்கு மேலே அதை லேசாக ஆட விடுவினம். காரின் முகம் அப்பிடியே இருக்கும், ஓட்டமும் திருந்தும். எனக்கு இதுதான் விளையாட்டு.

ரெசின் கூட்டைப் பற்றி அதிகம் கதைக்க ஒண்டுமில்லை. ஒருத்தரும் செய்யாத அபூர்வமான காரைச் சிலிக்கோன் அச்சில் பத்துப் பன்னிரண்டு வார்த்தெடுக்க அது நல்லது. தடிப்பு, பாரம், விழுந்தால் வெடிக்கும். அலுமாரிக்கு அழகு.

என்னோட வாதாடுறவர்கள் ஒரு நியாயமான கேள்வி கேப்பினம்: புதுசாக வாற பிள்ளைக்கு எது செலவு குறைவு? முதல் நாளே பக்கக் கண்ணாடி இரண்டும் போகும், மூன்றாம் நாள் பின் இறக்கை போகும். கடின பிளாஸ்டிக்கில் அது முறிஞ்சால் முறிஞ்சதுதான். லெக்ஸான் எண்டால் ஒட்டிப்போட்டு ஓடலாம். இது சரியான கதை, நான் மறுக்கேல்லை. ஆனால் ஒரு அடிபாட்டின் செலவை மட்டும் பார்த்துச் சொல்லுற கணக்கு இது. லெக்ஸான் வகுப்பில் வேகம் கூடக்கூட மோட்டர், ரயர், அடிச்சட்டம் எல்லாம் அந்த வேகத்துக்கு ஏற வேணும். கூட்டில் மிச்சம் பிடிச்ச காசு அங்கே போயிடும். 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வாடகைத் தடங்கள் இருந்தன. அந்தப் பத்தாண்டு முடியமுதலே பெரும்பாலானவை மூடுப்பட்டன. காரணங்கள் பல. அதில் ஒண்டு, வீட்டுக் காரைக் கொண்டுபோன பொடியனை ஒரு பின்னேரத்தில் ஐம்பது தரம் முந்திப் போன கார்கள் எண்டுதான் நான் நினைக்கிறன். தன்ர காருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையெண்டு கண்டவன் திரும்பி வருவானா?

ஆகவே நான் கேக்கிறது சின்னச் சட்டம்தான். கடின பிளாஸ்டிக் கூடு மட்டும், அதுக்கு ஒரு குறைந்தபட்ச நிறை, ரேஸ் தொடங்கமுதல் எல்லாருக்கும் முன்னால் தராசு. நிறையைக் கட்டிப்போட்டால் விலை கூடின மெல்லிய கூடு வாங்கினவனுக்கும் பெட்டியில் வந்த கூட்டோட ஓடுறவனுக்கும் இடைவெளி சுருங்கும். கண்ணாடி முறியிற பிரச்சினைக்கு வழி இருக்கு: சில கொம்பனிகள் இப்ப கண்ணாடியையும் இறக்கையையும் வளையிற ரப்பரில் செய்யினம். இல்லாட்டி முதல் நாளே அவற்றைக் கழட்டி, விறைக்கிற பசையை விட்டு, வளைஞ்சுகொடுக்கிற பசையால் திரும்ப ஒட்டுங்கள். அடிபட்டால் முறியாது, கழண்டு விழும். தடத்தின் ஓரத்தில் தேடி எடுத்துக்கொள்ளலாம்.