ஒவ்வொரு பைலையும் தட்டிப் பார்க்க வேண்டும்!



புதுக் கட்டடத்தைப் பார்த்தால் எத்தனை மாடி, என்ன பெயிண்ட், லிஃப்ட் உண்டான்னுதான் கேட்கிறோம். மண் இளகலாக இருக்கும் இடத்தில் அதைத் தாங்குவது பைல். ஆழமாகத் துளை போட்டு, கம்பிக்கூட்டை இறக்கி, கான்கிரீட் ஊற்றுகிறார்கள். அதற்குப் பிறகு உள்ளே என்ன ஆச்சுன்னு யார் கண்ணுக்கும் தெரியாது. ஓரத்து மண் சரிந்து கான்கிரீட்டில் கலந்திருக்கலாம். நடுவில் இடுப்பு மாதிரி சிறுத்திருக்கலாம். சொன்ன ஆழத்துக்குப் போகாமலே நின்றிருக்கலாம்.

தோண்டாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். சந்தையில் பானை வாங்கும்போது பாட்டி சுண்டிப் பார்ப்பாங்களே, அதே வேலைதான். கான்கிரீட் இறுகிய பிறகு பைலின் தலையைச் சுத்தம் செய்து, ஒரு சென்சாரை ஒட்டி, சின்னச் சுத்தியலால் தட்டுகிறார்கள். அதிர்வு அலை நொடிக்குச் சுமார் 4000 மீட்டர் வேகத்தில் இறங்கி, அடிமுனையில் பட்டுத் திரும்புகிறது. 20 மீட்டர் பைலுக்குப் போக வர 40 மீட்டர், அதாவது 0.01 நொடி. நாம் படித்த எதிரொலிக் கணக்கேதான்! அதற்கு முன்னாடியே ஒரு எதிரொலி வந்தால் நடுவில் கோளாறு இருக்கலாம். ஒரு பைலுக்குச் சில நிமிஷம் போதும். நம் நாட்டில் ஐ.எஸ். 14893 என்று இதற்கு 2001-லேயே வழிகாட்டு நெறி வந்துவிட்டது.

மாதிரிக்கு நாலைந்து தட்டினால் போதாதா என்று கேட்பார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தானே! ஆனால் சோறு ஒரே உலையில் வெந்தது. பைல் ஒவ்வொன்றும் தனித்தனி உலை. அதனால் எல்லாவற்றையும் தட்டணும் என்பதுதான் என் கட்சி.

ஹாங்காங்கின் ஷா டின் பகுதியில் அரசு வீட்டுவசதித் திட்டத்தில் இரண்டு கட்டடங்கள் 30 மாடிக்கு மேல் எழும்பிவிட்டன. 1999-இல் அவை சமமில்லாமல் மண்ணில் இறங்குவது தெரிந்தது. ஆராய்ந்தால், பல பைல்கள் இருக்க வேண்டிய ஆழத்துக்கு இல்லை! இரண்டையும் இடிப்பது என்று 2000-இல் முடிவானது. அந்த வீடுகளுக்காகக் காத்திருந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. தட்டுகிறவர் பைல் போட்ட காண்ட்ராக்டரின் ஆளாக இருக்கக் கூடாது. பரீட்சை எழுதினவனே பேப்பர் திருத்தினா எல்லாருக்கும் நூத்துக்கு நூறுதான்!

சுத்தியல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் உண்மை. எவ்வளவு பாரம் தாங்கும் என்று அறிய, பாரம் ஏற்றிப் பார்க்கும் சோதனை தனியாக உண்டு. சின்ன ஓட்டை தெரியாது. நீளமும் துல்லியமாக வராது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பெரிய பைல் என்றால் கம்பிக்கூட்டோடு குழாய்களைப் பதித்து, ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒலி அனுப்பிப் பார்ப்பது நல்லது. அதற்காக, தெரிகிற பெரிய கோளாறையும் பார்க்காமல் விடுவதா?

என் சித்தப்பா பைலிங் வேலைக்குப் போகிறவர். "மேல பைல் கேப் போட்டு மூடிட்டா, அப்புறம் தட்ட இடமே கிடைக்காதுடா" என்றார். ஆகவே மூடுவதற்கு முன்பே தட்டி, அந்த ரிப்போர்ட்டின் நகலை வீடு வாங்குகிறவர்கள் கையில் கொடுக்க வேண்டும். டைல்ஸ் கலரைக் கேட்கிற நாம் இதையும் கேட்டு வாங்கலாமே!

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்கள்.

– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்