ஊராரோடு ஒருவராய்…



ஊர்ப்பொறுப்பை ஏற்பவர் அவ்வூரிலேயே குடியிருக்க வேண்டுமா? இக்கேள்வி நம் நாட்டிற்குப் புதியதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் உத்தரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, குடவோலை வழியாக ஊர்ச்சபை வாரியங்களுக்குத் தெரிந்தெடுக்கப்படுவோரின் தகுதிகளை வகுத்துரைக்கிறது. வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருப்பு, 35-க்கு மேல் 70-க்குட்பட்ட வயது ஆகியன அவற்றுட் சில. ஊரில் வேரூன்றியவனே ஊர்ப்பொருளைக் காப்பான் என்பது அன்றையோர் துணிபு. ஆயின், அதே அளவுகோல் நிலமற்ற உழவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இன்றைய சட்டம் நிலமும் கேட்பதில்லை, மனையும் கேட்பதில்லை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, போட்டியிடுபவர் 21 வயது நிரம்பியவராய், அவ்வூராட்சியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றவராய் இருத்தல் வேண்டும். பட்டியலில் இடம்பெறவோ, அங்கே வழக்கமாகக் குடியிருப்பவராதல் வேண்டும். வீடு சொந்தமாயிருப்பதால் மட்டும் ஒருவர் குடியிருப்பவராகிவிட மாட்டார்; சில காலம் வெளியே சென்றிருப்பதால் மட்டும் அவ்வுரிமையை இழந்துவிடவும் மாட்டார். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வகுத்துள்ள நெறி இது.

கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் இந்நெறியின் பொருள் நன்கு விளங்கும். கடல் கடந்து பொருளீட்டும் மக்கள் மிகுதியாதலால் ‘சின்ன சிங்கப்பூர்’ என்றே பெயர் பெற்ற ஊர் அது. அவ்வகை ஊர்களில் மாடி வீடுகள் பூட்டிக் கிடக்கும். உடையவரோ அயல்நாட்டில் உழைத்துக் கொண்டிருப்பார். அவர் ஊர்ப்பற்றைக் குறைகூறுவார் யார்? ஆயினும், தெருக்குழாயில் நீர் வராத நாளில் குடத்தோடு நிற்பவர் அங்கே வாழ்பவரே. மக்களவைக்குப் போட்டியிடுபவர் பொதுவாக நாட்டின் எத்தொகுதி வாக்காளராகவும் இருக்கலாம். 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாநிலங்களவைக்கும் அவ்வாறே ஆயிற்று. ஊராட்சிக்கோ ஊரார்தாம் வேண்டும். வாய்க்காலின் அடைப்பும் தெருவிளக்கின் இருளும் தொலைவில் இருப்பவர் கண்ணுக்குப் புலப்படா.

தெரிந்தெடுக்கப்படுவோருக்கு மட்டுமன்று, அரசு அலுவலருக்கும் இவ்விதி உண்டு. கிராம நிர்வாக அலுவலர் தம் பொறுப்பிலுள்ள கிராமத்திலேயே தங்கியிருத்தல் வேண்டும். நம் நெல்வள நாட்டில் இதன் தேவையை எவரும் விளக்க வேண்டியதில்லை. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு, அடங்கல் நகலுக்காக அலுவலரைத் தேடி அலையும் குறுவிவசாயி ஒவ்வொரு மழைத்துளிக்கும் அஞ்சுகிறான். 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் ‘கஜா’ புயல் கரையைக் கடந்தபோது, எவர் கூரை பறந்தது, எவர் குடும்பம் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியது என்பதை ஊருக்குள் இருந்தவரன்றோ உடனே அறிந்திருக்க முடியும்?

எனினும், ஊரில் குடியிருத்தல் ஒன்றே போதுமா? முன்னாளில் பட்டாமணியமும் கர்ணமும் ஊரிலேதான் இருந்தனர். ஆனால் அவர்கள் பெரும்பாலும் நிலமுடைய குடும்பத்தினர்; சேரியிலிருந்து வருபவன் அவர் திண்ணைக்குக் கீழே நின்று பேச வேண்டியிருந்தது. 1980 நவம்பரில் அப்பதவிகள் ஒழிக்கப்பட்டன; தேர்வெழுதி வருவோர் அவ்விடத்தில் அமர்த்தப்படலாயினர். எக்குலத்தவரும் அந்நாற்காலியில் அமரலாம் என்றாயிற்று. பெரும் பேறுதான். ஆயினும் அடுத்த ஊரிலிருந்து வருபவர் மாலைப் பேருந்தில் திரும்பிவிடும் குறை அதனோடு சேர்ந்து கொண்டது.

நம் திருச்சபையும் இந்நோய்க்கு இலக்கானதுதான். மறைமாவட்டத்தின் வருவாயைப் பெற்றுக்கொண்டு வேறெங்கோ வாழ்ந்த ஆயர்கள் ஒரு காலத்தில் பலர். திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல், ஆயர்களும் பங்குத்தந்தையரும் தம் மக்களிடையே தங்கியிருத்தல் கடமை என வலியுறுத்திக் கட்டளையிட்டது. அக்கட்டளைக்கு உயிர் கொடுத்தவர் புனித சார்லஸ் பொரோமியோ. ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆயர் தங்காத மிலான் நகருக்கு 1565-இல் வந்து சேர்ந்தார். 1576-இல் கொள்ளைநோய் பரவியபோது நகரத் தலைவர்கள் பலர் ஓடிப்போக, அவர் தங்கினார். நோயாளரைத் தாமே சென்று கண்டார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் 533-ஆம் பிரிவில், பங்குத்தந்தை ஆலயத்திற்கு அருகிலுள்ள பங்கு இல்லத்திலேயே தங்க வேண்டுமென விதிக்கிறது. ஓநாய் வரும் வேளையில் கூலியாள் யார், ஆயன் யார் என்பது தெரிந்துவிடும் என்று ஆண்டவர் உரைத்ததும் இதுவேயன்றோ?

இனி நம் பங்கு யாது? ‘அலுவலர் ஊரில் தங்குவதில்லை’ என்று குறை சொல்கிறோம். தங்க வருபவருக்கு நாம் வீடு தருகிறோமா? வாடகைக்கு வீடு கேட்டு வரும் இளைஞரிடம் ஊதியத்தைக் கேட்குமுன் சாதியைக் கேட்கும் தெருக்கள் இன்றும் உள. நம் கிறிஸ்தவத் தெருக்கள் யாவும் இதற்கு விலக்கு எனச் சொல்ல நமக்குத் துணிவுண்டா? பகலில் அவரது கையொப்பத்தை நாடுவோம். இரவில் அவர் தலைசாய்க்க இடமில்லை என்போம். இஃது என்ன நீதி? தனியே வரும் பெண் அலுவலரின் நிலை இன்னும் கடினமானது.

பெற்றோர்களே, உங்கள் ஊருக்குக் கிராம நிர்வாக அலுவலரோ, செவிலியரோ, ஆசிரியரோ மாறுதலாகி வருவாராயின், பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாவியை எடுத்துக் கொடுங்கள். சாதி கேளாது கொடுங்கள். நியாயமான வாடகையே பெறுங்கள். அவர்தம் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளோடு விளையாடட்டும். அதன் பின்னர், ‘ஐயா, ஊரிலேயே தங்குங்கள்’ என்று கேட்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு. பெத்லகேமில் இடமில்லை என்று கதவடைத்த கதையை ஆண்டுதோறும் குடிலமைத்து நினைவுகூரும் நாம், நம் கதவைத் திறந்து வைப்போமாக.