வாசலில் தொடங்கும் மலை

சென்ற தை மாதம் நாம் குடும்ப சகிதமாக நீலகிரிக்குப் போய், வெலிங்டனில் ஒரு நண்பர் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தோம். ஊர் திரும்பியதும் எல்லோரும், "ஊட்டியில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார்கள். இந்நாளில் ஊட்டிக்குப் போய் வருகிறவர்களில் பெரும்பாலோர் பார்த்து வருவது, முன்னால் நிற்கும் மோட்டாரின் பின்புறத்தைத்தான். வண்டிகளின் நெருக்கடி தாங்காமல், 2024-ஆம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி முதல் முன் அனுமதிச் சீட்டின்றி வெளியூர் வண்டிகள் மலையேறக் கூடாது என்று சென்னை ஹைகோர்ட்டார் உத்தரவிட்டார்கள். மறு வருஷம் ஏப்ரல் முதல், வார நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 8,000 வண்டிகள் என்று எல்லையும் வகுத்தார்கள். நாமும் அந்தக் கணக்கில் ஒரு வண்டியாகத்தான் போனோம். ஆயினும் இந்தத் தடவை நாம் வேறொன்றையும் பார்த்துவிட்டு வந்தோம். அதற்குக் காரணம் நண்பருடைய பத்து வயதுக் குமாரி.

ஒரு நாள் விடியற்காலை அவள் கதவைத் தட்டி, "மாமா, பனி பெய்திருக்கிறது, வந்து பாருங்கள்!" என்று கூவினாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தோம். புல்தரை முழுவதும் உப்பை வாரி இறைத்தாற்போல் வெளுத்திருந்தது. மார்கழி, தை மாதங்களில் நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் இரவிலே விழுகிற உறைபனி அது. வெயில் ஏறினால் அரை மணியில் இருந்த இடம் தெரியாது.

பனியை விடக் குழந்தையின் கோலம்தான் நம்மைத் திகைக்க வைத்தது. கால்களில் இரண்டு மூங்கில் பிளாச்சுகளைக் கயிற்றால் கட்டியிருந்தாள். ஒரு கையில் ஒட்டடைக் கம்பு. மற்றொரு கையில் தாயாரின் குடை. நார்வே தேசத்தார் பனிமேல் சறுக்கி ஓடுவதை முதல் நாள் இரவு டெலிவிஷனில் பார்த்தாளாம். "இதோ பாருங்கள்!" என்று சொல்லி ஒரு காலை வீசினாள். மூங்கில் நின்ற இடத்தில் நின்றது. குழந்தை மட்டும் போய் விழுந்தாள். நம்முடைய புத்திரன் சிரித்துவிட்டான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த பாட்டனாரிடம் ஓடி, "தாத்தா, நாம் ஏன் நார்வேயில் பிறக்கவில்லை?" என்று கேட்டாள்.

பெரியவருக்கு வயது எழுபத்து நாலு. தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குழந்தையின் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "நீ பகாசுரன் கோட்டையைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

"இல்லை, தாத்தா."

"உன் அப்பன் பார்த்திருக்கிறானா?"

நண்பர் சற்று நெளிந்தார். "பாதி வழி மோட்டாரில் போயிருக்கிறேன், அப்பா. அதற்கு மேல் நடக்க வேண்டும் என்றார்கள்; திரும்பிவிட்டேன்."

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீ நார்வேயில் பிறந்திருந்தால் அந்த வீட்டுத் தாத்தா இதற்குள் உன்னை அங்கே அழைத்துக்கொண்டு போயிருப்பார், அம்மா. குற்றம் ஊரினுடையது அல்ல, என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை போவோம்" என்றார்.

அவர் தெரிந்து சொன்னாரோ, தெரியாமல் சொன்னாரோ, சொன்னது முற்றிலும் உண்மை. நார்வேயில் பிறக்கும் குழந்தை சறுக்குப் பலகையோடு பிறக்கிறது என்று ஒரு வழக்கு உண்டு. குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களில் உலகிலேயே அதிகப் பதக்கம் பெற்ற தேசம் அது. அதன் ஜனத்தொகையோ ஏறக்குறைய 55 லட்சம். நமது சென்னைப் பட்டணத்தின் தொகைகூட இல்லை. அந்நாட்டவருக்கு உயிரான பந்தயம், நெடுவழிப் பனிச்சறுக்கு. மலை உச்சியிலிருந்து பாய்ந்து இறங்குவது வேறு, இது வேறு. இதில் காலணியின் முனை மட்டுமே பலகையோடு பிணைந்திருக்கும். குதிகால் விடுதலையாக எழும். இரண்டு கைகளிலும் கோல் ஊன்றி, மேடு பள்ளம் எல்லாவற்றையும் சொந்த பலத்தினால் கடக்க வேண்டும். ஒலிம்பிக்கில் இதன் நீண்ட ஓட்டம் 50 கிலோமீட்டர். கை, கால், இருதயம், நுரையீரல் அனைத்துக்கும் ஒருங்கே வேலை கொடுப்பது இது. ஒரு விதத்தில் பார்த்தால், நடப்பதையே ஒரு மகா வித்தையாக வளர்த்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

இந்த வித்தையில் இக்காலத்தில் இணையற்றவராக விளங்குகிறவர் யொஹான்னஸ் க்ளேபோ என்பவர். இவர் வளர்ந்த ஊர் திரோன்ஹைம். அங்கே 2025-ஆம் ஆண்டு உலகப் போட்டி நடந்தபோது, ஆறு பந்தயங்களில் ஓடி ஆறிலும் தங்கம் வென்றார். இவருக்கு இரண்டு வயதில் கிறிஸ்துமஸ் பரிசாக முதல் சறுக்குப் பலகையை வாங்கிக் கொடுத்தவர் தாயைப் பெற்ற தாத்தா. பின்னர் வெகு காலம் பயிற்சி ஆசானாக இருந்தவரும் அதே தாத்தாதான். உலக வீரனுக்கு முதல் குரு வீட்டுத் தாத்தா. முதல் மைதானம் ஊருக்குப் பக்கத்துக் காடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிள்ளை குட்டிகளோடு காட்டுப் பாதையில் கிளம்பிவிடுவது அந்நாட்டில் வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். கெட்ட வானிலை என்று ஒன்று கிடையாது, கெட்ட உடைதான் உண்டு என்பது அவர்கள் பேச்சு.

ஞாயிறு காலை ஏழு பேர் கிளம்பினோம். பகாசுரன் கோட்டை குன்னூரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். ஆங்கிலத்தில் அதை 'துரூக்' என்பார்கள். அதுவும் துர்க்கம் என்ற நம் வார்த்தையின் சிதைவே. திப்பு சுல்தான் காலத்தில் காவல் அரணாக இருந்தது என்பது சரித்திரம். பீமன் கொன்ற பகாசுரன் இருந்த இடம் என்பது ஐதீகம். தேயிலைத் தோட்டம் வரையில் வண்டியில் போய், தோட்டத்தாரிடம் கேட்டுக்கொண்டு, பிறகு நடக்கத் தொடங்கினோம்.

பெரியவர் இரண்டு சட்டங்கள் விதித்தார். எல்லாரிலும் மெதுவாக நடப்பவர் முன்னே போக வேண்டும். மற்றவர்கள் அவர் வேகத்துக்கு நடக்க வேண்டும். இது முதற் சட்டம். 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்று யாரும் கேட்கக் கூடாது. இது இரண்டாவது. அதன்படி குழந்தை முன்னே நடந்தாள். நாம் இரண்டாவது சட்டத்தை மனத்துக்குள் பல தடவை மீறினோம்.

வழி நெடுகப் பாடம் நடந்தது. கொழுந்து என்றால் ஒரு மொட்டும் இரண்டு இலையும் என்று பெரியவர் கிள்ளாமல் தொட்டுக் காட்டினார். தேயிலை சீனத்துச் செடி. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். எதிர் மலையில் நிற்கும் கற்பூர மரமும் அங்கிருந்து வந்ததே. "அப்படியானால் நம்முடையது எது, தாத்தா?" என்றாள் குழந்தை. இரண்டு மேடுகளுக்கு நடுவே மடிப்பில் கருகருவென்று அடைந்து கிடந்த சோலையைப் பெரியவர் காட்டினார். மழை நீரைப் பிடித்து வைத்து, கோடையிலும் ஓடை வற்றாமல் விடுவது அதுவே. உலகத்துத் தாவர சாஸ்திரிகள் எல்லோரும் அதை 'ஷோலா' என்றே எழுதுகிறார்கள். தமிழையே எடுத்துக்கொண்டார்கள்.

சோலையைத் தாண்டும்போது மஞ்சு இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முன்னே போன குழந்தை சட்டென்று நின்றாள். பாதையின் நடுவில் கரும் பாறை ஒன்று. அந்தப் பாறை மூச்சு விட்டது. காட்டெருமை!

பெரியவர் கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றுவிட்டோம். நம் புத்திரன் படம் பிடிக்க டெலிபோனை எடுத்தான். பெரியவர் அந்தக் கையை மெல்லத் தாழ்த்தினார். ஓடாமல், கத்தாமல், முதுகைக் காட்டாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து வழியை அதற்கு விட்டுக் கொடுத்தோம். அது தலையை ஒரு தடவை ஆட்டிற்று, யோசித்தது, பிறகு தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி மஞ்சில் மறைந்தது. எல்லாம் பத்து நிமிஷம்தான்.

"பயந்துவிட்டாயா?" என்று பெரியவர் பேத்தியைக் கேட்டார்.

"நீங்கள் பயப்படவில்லையா, தாத்தா?"

"பயம் இருந்தது, அம்மா. அவசரம் இல்லை."

உச்சியில் கோட்டை என்று சொல்ல இப்போது மிஞ்சியிருப்பது ஒரு பாழ்ஞ்சுவர்தான். ஆனால் மஞ்சு விலகியபோது, கீழே கோயமுத்தூர்ச் சமவெளி முழுவதும் விரித்த பாய் போலக் கிடந்தது. எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். பெரியவர் மட்டும் சுவரோரம் தனியே போய் உட்கார்ந்தார். "முப்பது வருஷம் ஆயிற்று நான் இங்கே வந்து. வேலை இருந்தபோது நேரம் இல்லை. நேரம் வந்தபோது துணை இல்லை" என்றார். நண்பர் கையிலிருந்த சாதம் கையிலேயே இருந்தது.

இதைப் படிக்கிற நேயர்களில் சிலர், 'நடந்தால் பதக்கம் வந்துவிடுமா?' என்று கேட்கலாம். குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா முதன் முதல் கலந்துகொண்டது 1964-இல், இன்ஸ்புருக் நகரில். அதுமுதல் இன்றுவரை ஒரு பதக்கமும் நமக்குக் கிட்டவில்லை. பனியில்லாத தென்னாட்டார் அதைக் கனவு காண்பது வீண் என்று தோன்றலாம். ஆனால் குடகு நாட்டைப் பாருங்கள். அதுவும் நீலகிரியைப் போல் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பிரதேசம். அங்கும் பனி பெய்வதில்லை. அங்கே காப்பித் தோட்டக் குடும்பத்தில் பிறந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா என்ற பெண்மணி, குல்மார்க்கில் நடந்த கேலோ இந்தியா பந்தயங்களில் நெடுவழிப் பனிச்சறுக்கில் தங்கம் வென்றார். 2025-இல் சிலி தேசத்தில் நடந்த சர்வதேசப் பந்தயத்தில் வெண்கலமும் பெற்றார். பனி வேறிடத்தில் கிடைக்கும்; விமானம் ஏறிப் போய்ப் பழகலாம். பனியில்லாத மாதங்களில் நார்வேக்காரர்களே சக்கரம் வைத்த பலகை கட்டிக்கொண்டு தார் ரோட்டில்தான் பழகுகிறார்கள். ஆனால் மேட்டைக் கண்டு மலைக்காத நெஞ்சு எந்தக் கடையிலும் கிடைக்காது. அது குழந்தைப் பிராயத்தில் வீட்டாரோடு நடந்து சம்பாதிக்க வேண்டிய ஆஸ்தி.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. நார்வேயில் 1957-இல் செய்த சட்டப்படி, சாகுபடி செய்யாத நிலம் யாருக்குச் சொந்தமானாலும் அதன் வழியே யாரும் நடந்து போகலாம். நமது மலையில் ஒரு பக்கம் தோட்டம். மறு பக்கம் காப்புக் காடு. அனுமதியின்றி நுழைவது குற்றம் மட்டுமல்ல, அபாயமும் ஆகும். நார்வேக் காட்டில் யானை இல்லை, புலி இல்லை. 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேனி ஜில்லாவில் குரங்கணி மலைத்தீயில் நடைபயணம் போனவர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை யாரும் மறக்க முடியாது. ஆகையால், வழி தெரிந்தவரோடு முறைப்படி போவதே உத்தமம். 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் வழிகாட்டிகளோடு 40 மலைப் பாதைகளைத் திறந்தார்கள். உதகையில் கெய்ர்ன் ஹில், கோத்தகிரியில் லாங்வுட் சோலை ஆகியவை அவற்றில் சேர்ந்தவை. வெள்ளைக்காரத் துரைமார்கள் குதிரை மேலும் கால்நடையாகவும் இந்த மலைகளை மூலை முடுக்கெல்லாம் அறிந்து வைத்திருந்தார்கள். அவர்கள் போய் எத்தனையோ வருஷங்கள் ஆகியும், மலை நமக்கு ஜன்னல் வழியே பார்க்கும் பொருளாகவே இருந்தால், சுதந்திரத்தில் ஒரு பங்கை நாம் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை என்றே அர்த்தம். மலைதான் வேண்டும் என்பதில்லை. ஊருக்கு ஓர் ஏரிக்கரை இல்லையா? ஒரு குன்றும் கோயிலும் இல்லையா?

சென்ற வாரம் குழந்தையிடமிருந்து கடிதம் வந்தது. மூங்கில் பிளாச்சுகளைத் தோட்டத்தில் பட்டாணிக் கொடிக்கு ஊன்றிவிட்டாளாம். இதுவரை ஏழு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தார்களாம். அப்பாவும் ஒரு வாரம்கூடத் தவறவில்லையாம். கடைசியில் எழுதியிருந்தாள்: "தாத்தாவுக்கு முழங்காலில் வலி. ஆனாலும் வருகிறார். இப்போதெல்லாம் அவர்தான் முன்னே நடக்கிறார்."