மூன்றாவது சக்கரம் இழுக்கா?



இரு வாரங்களுக்கு முன் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு பெருஞ்சிரிப்பு எழுந்தது. காரணம் நான் புதிதாக ஓட்டிவந்த வாகனம். இருபது ஆண்டுகளாக இரு சக்கர மோட்டார் சைக்கிளில் வந்தவன், அன்று பின்புறம் இரண்டு சக்கரம் பூட்டிய மூன்று சக்கர வண்டியில் வந்து இறங்கினேன். “என்ன சார், சின்னப் பிள்ளை சைக்கிளா? பக்கத்துச் சக்கரத்தை எப்போது கழற்றுவீர்கள்?” என்று கேட்டார் ஓர் இளம் ஆசிரியர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் காலை கண்டதுதான் இந்தப் பதிவை எழுதத் தூண்டியது.

எங்கள் பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை, நீரிழிவு நோயால் ஒரு காலை இழந்தவர். மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில்தான் மகளை அழைத்து வருகிறார். ஆனால் பள்ளி வாசலுக்கு வருவதில்லை. இரண்டு சந்து தள்ளி ஒரு மளிகைக் கடை ஓரமாக நிறுத்திவிடுகிறார். அந்தப் பிள்ளை புத்தகப் பையைச் சுமந்துகொண்டு, மழையானாலும் வெயிலானாலும், மீதித் தொலைவை நடந்தே வருகிறாள். அன்று அவருக்குப் பின்னால் என் வண்டியை நிறுத்திக் காரணம் கேட்டேன்.

“பிள்ளை வேணாங்குது சார். கூட்டாளிங்க சிரிக்கிறாங்களாம்.”

பிறகு என் வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்க ஏன் சார் இதுல வர்றீங்க?” என்றார்.

அந்தச் சிரிப்பை நம் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? பாடநூலில் அது இல்லை. முதல் நாள் எங்கள் ஆசிரியர் அறையில் எழுந்த சிரிப்பும் மாணவர்களின் சிரிப்பும் ஒன்றே. பெரியவர்கள் சிரிப்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அவருடைய கேள்விக்கு இங்கே விடை சொல்கிறேன். பள்ளி விடுமுறை வந்தால் நாங்கள் நான்கைந்து ஆசிரியர்கள் மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் புறப்படுவோம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளும், 1982-இல் திறக்கப்பட்ட கிரிக் – ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையின் காட்டுப் பாதையும் எனக்கு மனப்பாடம். ஒரு விபத்தில் என் இடக்கணுக்கால் நொறுங்கியது. எலும்பு கூடியது, வலிமை திரும்பவில்லை. ஆயினும் மீண்டும் அதே வண்டியில் ஏறினேன். ஒரு சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நின்றபோது வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. ஏறத்தாழ 200 கிலோ எடையை அந்தக் காலால் தாங்க இயலவில்லை. பின்னால் அமர்ந்திருந்த என் மனைவி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. வேகத்தால் வந்த விபத்து அன்று; நின்ற இடத்தில் நேர்ந்தது.

அதன் பிறகாவது நான் மாறினேனா? இல்லை. ஓராண்டு அந்த வண்டிக்குப் படுதா போட்டு மூடிவைத்தேன். மூன்று சக்கரத்தைப் பொருத்திக்கொள்ளலாம் என்று பட்டறைக்காரர் சொன்னபோது, “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்று கேட்டவன் நான். ஆகவே நான் இங்கே யாரையும் உயரத்திலிருந்து கண்டிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு அஞ்சி ஓராண்டை வீணாக்கியவன் என்ற முறையில்தான் பேசுகிறேன். இறுதியில் மாற்றுத்திறனாளி அட்டை பெற்று, அதற்குரிய ‘ஏ’ பிரிவு உரிமமும் எடுத்து, சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலோடு சக்கரத்தைப் பொருத்தினேன்.

இனி, சிரிப்பவர்கள் சொல்லும் வாதங்களுக்கு வருவோம்.

முதல் வாதம்: “மூன்று சக்கரம் உண்மையான வண்டியே அன்று.”

வரலாறு அறியாத பேச்சு இது. ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மோட்டார் வாகனத்துக்குச் சக்கரங்கள் மூன்றே. 1888-இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் அதில் பயணம் செய்தார். வழியில் எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார்; மேட்டில் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். மோட்டார் வாகனத்தில் நிகழ்ந்த முதல் நெடும்பயணம் என்று உலகம் அதைத்தான் போற்றுகிறது. ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1932 முதல் 1973 வரை மூன்று சக்கர வண்டியைச் செய்தது. நெடும்பயணத்துக்கென்றே 2009-ஆம் ஆண்டு மாதிரியாக மீண்டும் ஒன்றைக் கொண்டுவந்தது. கனடாவின் கேன்-ஏம் ஸ்பைடர், முன்னால் இரண்டு சக்கரங்களோடு 2007-இல் வெளிவந்தது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்ற அமைப்பு நமக்கும் புதிதன்று. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பயணியை முன்னால் அமர்த்தி மிதிக்கும் பெச்சா வண்டியின் அமைப்பும் அதுவே. அந்தப் பெச்சாவை மிதித்துக் குடும்பத்தைக் காத்தவர்களைப் பார்த்தும் சிரிப்போமா?

இரண்டாம் வாதம்: “அது கோழைகளின் வண்டி. அதை ஓட்டத் திறமை வேண்டாம்.”

ஓட்டிப் பாராதவர் பேச்சு! இரு சக்கர வண்டியில் ஓரளவு வேகத்தில் இடப்பக்கம் திரும்ப, நாம் அறியாமலேயே இடக்கைப்பிடியை முன்னோக்கித் தள்ளுகிறோம். வண்டி இடப்பக்கம் சாய்ந்து திரும்புகிறது. என் மூன்று சக்கர வண்டி சாயாது. கைப்பிடியைத் திரும்ப வேண்டிய பக்கமே திருப்ப வேண்டும். பழைய பழக்கத்தில் தள்ளினால் வண்டி எதிர்ப்பக்கம் போகும். முதல் நாள் ஒரு திடலில் பழகியபோது நேராக வேலியை நோக்கிப் போனேன். வளைவில் உடல் வெளிப்பக்கம் தள்ளப்படும். நாம்தான் உள்பக்கம் சாய்ந்து அமர வேண்டும். வேகம் மிகுந்தால் உட்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும். முன்னால் ஒரே சக்கரம் உள்ள என் வண்டி போன்றவற்றில், வளைவில் திடீரெனத் தடையை அழுத்துவது மேலும் ஆபத்து. சாலையில் குழி இருந்தால் இரு சக்கரம் ஒரே தடத்தில் விலகிவிடும். எனக்கோ மூன்று தடங்கள். பழைய திறமையை மறந்து புதிய திறமையைக் கற்க நாற்பது வயதுக்கு மேல் எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

ஆகவே மூன்று சக்கரம் ஏறிவிட்டால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. நின்ற இடத்தில் விழ மாட்டேன் என்பது மட்டுமே உறுதி. என் காலுக்கு அதுதான் தேவை. கோழைத்தனம் என்போர் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்: 2023-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தன் உடல் எதைத் தாங்கும் என்று அறிந்து வண்டியைத் தேர்ந்தெடுப்பவனா கோழை? ஊர் சிரிக்குமே என்று அஞ்சி, தாங்காத வண்டியில் மனைவியை ஏற்றிச் சென்றேனே, அன்றுதான் நான் கோழையாக இருந்தேன்.

மூன்றாம் வாதம்: “அவ்வளவு சிரமம் என்றால் மகிழுந்து வாங்கலாமே.”

எனக்கு மகிழுந்து இருக்கிறது. மழைக்கும் சந்தைக்கும் அது போதும். ஆனால் அந்த மாணவியின் தந்தைக்கு? மாதத் தவணை, காப்புறுதி, எரிபொருள் எல்லாவற்றையும் யார் கட்டுவார்? அவரிடம் இருந்த மோட்டார் சைக்கிளோடு இன்னும் ஒரு சக்கரம் சேர்ந்ததால்தான் அவர் வேலைக்குப் போகிறார், மகளைப் பள்ளியில் விடுகிறார். அது இல்லையென்றால் வீட்டில் முடங்கிக் கிடப்பார். நம் சிரிப்பு அவரை அந்த வீட்டுக்குள்தான் தள்ளப் பார்க்கிறது.

ஆசிரியர் நண்பர்களே, குறைநீக்கல் வகுப்புக்குப் போகும் பிள்ளை ஏன் தலைகுனிந்து போகிறான்? ஊன்றுகோல் பிடிப்பது இழிவு என்று நாம் எங்கோ, எப்போதோ அவனுக்குக் காட்டிவிட்டோம். வாகனத்தைப் பார்த்துச் சிரித்த வாய், மறுமணி நேரத்தில் வகுப்பில் நின்று தன்னம்பிக்கையைப் பற்றிப் போதித்தால் பிள்ளைகள் நம்புவார்களா?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து, “அவளுடைய அப்பா வண்டிக்கு மூணு சக்கரம்” என்று சொல்லிச் சிரித்தால், தயவுசெய்து கூடச் சிரிக்காதீர்கள். அந்த மூன்றாவது சக்கரம் எதற்கு என்று ஒரு நிமிடம் விளக்கிச் சொல்லுங்கள். அது போதும்.

பள்ளி வாசலை ஒட்டி ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை காலை நாங்கள் இருவரும் ஒன்றாக வாசல் வரை வருவது என்று அந்தத் தந்தையிடம் பேசியிருக்கிறேன். மகள் ஒப்புக்கொண்டால் வருவதாகச் சொன்னார். அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று வாசலில் கடமையில் நிற்கப்போகும் ஆசிரியர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். அவள் வந்து இறங்கும்போது உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள்.