மண்பானையும் நெகிழிப் பெட்டியும்

இருளர்கள் பாம்புகளை மண்பானையில் அடைத்து வைப்பது கொடுமை என்றும், சூடேற்றிய நெகிழிப் பெட்டியில் ஆப்பிரிக்க மலைப்பாம்பை வளர்ப்பது இயற்கை நேயம் என்றும் ஒரு கருத்து அண்மைக்காலமாக நம் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. படித்தவர்கள் சொல்கிறார்கள், கவிதை எழுதுகிறவர்களும் சொல்கிறார்கள். கடைசியாகச் சொன்னவர் நம்மிடமே தமிழ் பயின்றவர் என்பதால் வாளாவிருக்க முடியவில்லை.

அவர் வீடு விரிஞ்சிபுரத்தில் நம் தெருவுக்கு அடுத்த தெரு. ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலை ஒன்றில் நல்ல பதவி. மாடியறையில் நான்கடி நீளமும் இரண்டடி அகலமுமாக ஒரு பெட்டி. பி.வி.சி. பலகைகளைத் தாமே அறுத்து, திருகாணி முடுக்கி, மூட்டுகளில் சிலிக்கான் பூசி, முன்புறம் நகரும் கண்ணாடி பொருத்தியிருக்கிறார். பக்கச் சுவர்களில் காற்றுத் துளைகள். தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் அடியில் வெப்பப்பாய். அதை அளந்து நிறுத்துவதற்கு ஒரு தெர்மோஸ்டாட். உள்ளே சுருண்டு கிடந்தது பால் பைத்தான் என்று வணிகர்கள் அழைக்கும் மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு.

வேலையில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும். இரை செரிக்கச் சூடான இடத்துக்கு ஊர்ந்து போகும், போதும் என்றால் குளிர்ந்த மூலைக்குத் திரும்பும். ஆகவே பெட்டியின் ஒரு முனை 31, 32 டிகிரி செல்சியசும் மறுமுனை 26 டிகிரியும் இருக்க வேண்டும். சூடு போதாவிட்டால் விழுங்கிய எலியைக் கக்கிவிடும். தெர்மோஸ்டாட் இன்றிப் பாயைச் செருகினால் வயிற்றுத் தோல் வெந்துபோகும். இவ்வளவையும் அவர் கற்றுச் செய்திருக்கிறார்.

ஆனால் செய்திருப்பது என்ன? ஒரு புற்று. கரையான் கட்டிய மண்மேட்டின் உள்ளே வெயிலும் பனியும் அப்படியே இறங்குவதில்லை; வெப்பமும் ஈரமும் வெளியைவிட மெல்லவே மாறும். அந்தப் பால் பைத்தானும் தன் சொந்த மண்ணில் எலிவளைகளிலும் கரையான் புற்றுகளிலும்தான் ஒடுங்குகிறது. நம்மூரில் அப்புற்றுக்கு மஞ்சள் பூசி, முட்டை வைத்து, பாம்பின் உணவே அல்லாத பாலை ஊற்றி நிரப்புகிறோம். அது வேறு கூத்து.

வேலூர்ச் சீமையில் பாம்பைச் சூடேற்றுவதற்கு மின்சாரம் செலவழிப்பதைக் கண்டு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மார்கழி இரவுகளில் வெப்பப்பாய் தேவைப்படும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அக்கினி நட்சத்திரத்தில் என்ன செய்வது? வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாளில் பெட்டியின் எந்த முனை குளிர்ந்த முனை? தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்துமே தவிரக் குளிரை உண்டாக்காது. சில நாள் குளிரைத் தாங்கிவிடும் பாம்பு, மூடிய பெட்டியின் மிகைச் சூட்டில் சில மணி நேரத்தில் செத்துப்போகும். கேட்டோம். "அறைக்கு ஏ.சி. போட்டிருக்கிறேன் ஐயா, இரவும் பகலும் ஓடும்" என்றார். ஒரே அறையில் குளிரூட்டியும் வெப்பப்பாயும்!

பிறகுதான் பானையைப் பற்றிச் சொன்னார். தம் பெட்டி அறிவியல், வடநெம்மேலிப் பானை சித்திரவதை என்றார்.

வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பானையில் வெப்பப்பாய் கிடையாது. கொஞ்சம் மணல், வாயைக் கட்டிய துணி, நிழல். பானையும் சிறைதான், மறுக்கவில்லை. ஆனால் அது நாள் குறித்த சிறை. நல்லபாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் சில வாரங்கள் அங்கே இருக்கும். வாரம் ஒருமுறையாக நான்குமுறை நஞ்செடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தியாவில் நச்சுமுறி மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. 2000 முதல் 2019 வரை இந்நாட்டில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வயலில் கடிபட்டவன் பிழைப்பதற்கு அந்தப் பானை வேண்டும். மாடியறைப் பெட்டி யாருக்கு வேண்டும், அதை வைத்திருப்பவரைத் தவிர?

தோலோடு வாழும் ஊர்க்காரர்களாகிய நாம் மறக்கக்கூடாத ஒரு பழங்கதையும் உண்டு. பாலாற்றங்கரையில் பதனிட்டது பெரும்பாலும் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும். பாம்புத்தோலுக்குச் சென்னை பெரிய சந்தையாக இருந்தது. இருளர்கள் பிடித்தார்கள், அற்பக் காசு பெற்றார்கள். அயல்நாட்டுச் சீமாட்டிகளின் கைப்பையில் அது பொன்னாயிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைப்பட்டது. தடை சரியே. ஆனால் பையை வாங்கியவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாம்பைப் பிடித்தவன் பிழைப்பிழந்தான், தொடர்ந்து பிடித்தால் குற்றவாளியானான். கூட்டுறவுச் சங்கம் பிறந்தது அந்தப் பசியிலிருந்துதான். இன்றும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசின் அனுமதித் தாள் வேண்டும்.

அதே காலத்தில் அயல்நாட்டுப் பாம்பை வீட்டில் வைத்திருப்பவரை அச்சட்டம் ஏறிட்டும் பார்க்கவில்லை. 2020 ஜூனில் ஒன்றிய அரசு, ஆறு மாதத்துக்குள் தாமே முன்வந்து பதிவு செய்தால் ஆவணம் கேட்கமாட்டோம் என்று அறிவித்தது. என்ன கனிவு! 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் பன்னாட்டு உடன்படிக்கைக்கு உட்பட்ட அயல் உயிரினங்களுக்கெனத் தனி அட்டவணை சேர்ந்தது. பதிவு விதிகள் 2024இல் வந்தன. இருளருக்கு 1970களிலேயே காட்டிய பிரம்பைப் பணக்காரப் பொழுதுபோக்குக்குக் காட்ட அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

"பண்ணையில் பிறந்த குட்டி ஐயா, காட்டில் பிடித்ததில்லை" என்றார் மாணவர். இருக்கலாம். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த பெண் பயணி ஒருவரின் பெட்டிகளில் 22 பாம்புகளைச் சுங்கத்துறையினர் எடுத்தார்களே, அவையும் யாரோ ஒருவருடைய வரவேற்பறைக்குப் புறப்பட்டவைதாம். விமானத்தின் வயிற்றில் அவற்றுக்கு எந்தத் தெர்மோஸ்டாட் இருந்தது?

அலுத்துப்போன பிறகு என்னாகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவைப் பார்க்கலாம். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் தப்பவிடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் முழுக்கப் பெருகி, அங்குள்ள சிறு பாலூட்டிகளைத் துடைத்தெடுத்தன. எத்தனையோ முறை முயன்றுபார்த்தவர்கள் 2017இல் யாரை அழைத்தார்கள் தெரியுமா? மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். பானைக்காரர்கள் இருவரும் போன இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றுள் ஒன்று 16 அடிப் பெண்பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பெட்டிக்காரர்கள் கெடுத்த காட்டைத் துழாவப் போனவர்களைப் பார்த்துத்தான் நம் நண்பர்கள் கொடியவர்கள் என்கிறார்கள்.

புறப்படும்போது பாம்பின் பதிவுத் தாளைக் காட்டச் சொன்னோம். மாணவர் மேசை இழுப்பறையை நெடுநேரம் துழாவினார். தெர்மோஸ்டாட்டின் உத்தரவாதச் சீட்டு இருந்தது, ஏ.சி. வாங்கிய ரசீது இருந்தது. தாள் வரும் என்று விற்றவன் சொல்லியிருக்கிறானாம். வரட்டும்; வந்த பிறகு பானையைப் பற்றி மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினோம்.